மன்னிப்பா, பழியா? சபை முடிந்து வெளியே வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் இல்லாத ஞாயிறு குறைவு. உள்ளே உட்கார்ந்து கேட்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் கேள்வி வரும். நான் போதகர் இல்லை, வேதபாட வகுப்பு எடுக்கிற சாதாரண ஆள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து ஆட்கள் என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், பெந்தெகொஸ்து என்று யார் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான். பெரும்பாலும் எதிராளியும் ஒருவர்தான்: சொந்தக்காரர்.

கே: மன்னிக்கிறதுன்னா நடந்ததை மறந்துடணுமா? "ஒண்ணுமில்ல, விடு"ன்னு சொல்லணுமா?

இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்றால் மன்னிக்க என்ன இருக்கிறது? மத்தேயு 18-ல் இயேசு சொன்ன கடன்காரன் கதையை நாம் ரொம்ப வேகமாக வாசித்துவிடுகிறோம். ராஜாவுக்கு இவன் கொடுக்க வேண்டியது பதினாயிரம் தாலந்து. இவனுக்கு உடன்வேலைக்காரன் கொடுக்க வேண்டியது நூறு வெள்ளிப்பணம். ராஜா இவன் கடனை முழுதும் மன்னித்தார், இவன் வெளியே வந்து உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தான். ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு கூலிக்காரனின் ஒரு நாள் சம்பளம், ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படிப் பார்த்தால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி, ஏழு தலைமுறை உழைத்தாலும் அடையாது. ஆனால் இரண்டாவது கடனும் சில்லறை இல்லை, அதைக் கவனியுங்கள். நூறு நாள் கூலி. மூன்று நான்கு மாதம் வெயிலில் நின்று வேலை பார்த்த கொத்தனாரின் காசை ஒருத்தன் கொடுக்காமல் இருந்தால் வயிறு எரியத்தான் செய்யும். அப்படி ஒரு கடனே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. கடன் உண்மை, தொகையும் தெரியும், அவன் தொண்டையைப் பிடிக்கிற கையை எடு என்கிறார்.

நான் புரிந்துகொண்ட மன்னிப்பு இதுதான். செய்ததைச் செய்தது என்றே சொல்ல வேண்டும். திருப்பிச் செய்கிற உரிமையை மட்டும் விட்டுவிட வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஏறக்குறைய இதிலிருந்துதான் வருகின்றன.

கே: அப்படின்னா போலீஸ்ல புகார் கொடுக்கக் கூடாதா? போட்ட கேஸை வாபஸ் வாங்கணுமா? சபை மூப்பர்கள் அப்படித்தான் சொல்றாங்க.

மூப்பர்கள் சொல்வது பாதி நேரம் உங்கள் ஆத்துமாவுக்காக இல்லை, ஊர் பேர் கெடக் கூடாது என்பதற்காக. இதை முகத்துக்கு நேரே சொல்லுங்கள், தப்பில்லை.

"பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்ற வசனத்தை ரோமர் 12-லிருந்து எடுத்துச் சொல்கிறவர்கள் அடுத்த அதிகாரத்தைத் திருப்புவதில்லை. அங்கேதான் அதிகாரத்தில் இருப்பவன் தீமை செய்கிறவனுக்குத் தண்டனை கொடுக்கத் தேவன் வைத்த ஊழியக்காரன் என்று பவுல் எழுதுகிறார். அதாவது, நீ உன் கையால் செய்யாதே, அதற்கு ஒரு இடம் இருக்கிறது என்கிறார். அதே பவுல் விசாரணை இல்லாமல் அடிபட்டபோது பிலிப்பியில் அதிகாரிகளே நேரில் வந்து தன்னை வெளியே விடட்டும் என்று அடம்பிடித்தார். பின்னால் இராயனுக்கே, அதாவது ரோமப் பேரரசனுக்கே, அப்பீல் போனார். இயேசுவைக் கன்னத்தில் அறைந்தபோது அவரும் சும்மா இருக்கவில்லை, "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். மறுகன்னத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒடிசாவில் 1999 ஜனவரியில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பையன்களையும் ஜீப்போடு எரித்தார்கள். பிலிப்புக்கு 10 வயது, தீமோத்தேயுவுக்கு 6. மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார், சொல்லிவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு உடனே ஓடவும் இல்லை, பாரிபதாவில் தொழுநோயாளிகள் மத்தியில் வேலையைத் தொடர்ந்தார். ஆனால் வழக்கு நின்றதா? இல்லை. முக்கியக் குற்றவாளிக்கு 2003-ல் மரண தண்டனை, 2005-ல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011-ல் உச்ச நீதிமன்றமும் ஆயுளை உறுதி செய்தது. மன்னிப்பு அவருடைய வேலை, விசாரணை அரசாங்கத்தின் வேலை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது, ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை.

குழந்தைகளிடம் பாலியல் குற்றம் நடந்திருந்தால் இந்தக் கேள்வியே கிடையாது. 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தகவல் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் மறைப்பது தனிக் குற்றம். 1098-க்கு போன் போடுங்கள். "மன்னிச்சு விட்டுட்டோம்" என்று பிள்ளையின் சார்பில் பெரியவர்கள் சொல்ல யார் இவர்களுக்கு உரிமை கொடுத்தது?

அப்புறம், இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கேஸ் போடுவது பழி இல்லை, ஆனால் கேஸ் பழியாக மாறலாம். அடித்தது ஒருத்தன், புகாரில் அவன் அம்மா, வெளியூரில் இருக்கிற அக்காள், மைனி எல்லார் பேரும் இருக்கிறது என்றால் அது நீதி இல்லை. குழித்துறை கோர்ட்டிலோ பத்மநாபபுரம் கோர்ட்டிலோ வாய்தா வாங்கி எதிராளியை இன்னொரு மாதம் அலைய வைத்ததில் உங்களுக்கு ஒரு சந்தோஷம் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் முழங்காலில் நிற்பது நல்லது.

கே: வீட்டுக்காரர் குடிச்சிட்டு அடிக்கிறார். "ஏழெழுபது தரம் மன்னி"ன்னு ஐயர் (போதகர்) சொல்றார். என்ன செய்ய?

வெளியே வந்துவிடுங்கள். மன்னிப்பதை வெளியே வந்த பிறகு, பத்திரமான இடத்தில் இருந்து யோசிக்கலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கவும், அதே வீட்டில் குடியிருக்கவும் உரிமை தருகிறது, உதவிக்கு 181. அடிவாங்கிக்கொண்டே இருப்பதால் அந்த ஆள் திருந்துவதில்லை, மேலும் பாவம்தான் செய்கிறார். அவரைத் தடுப்பதும் அவருக்குச் செய்கிற இரக்கம்தான். ஐயரிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஐயரம்மாவிடம் சொல்லுங்கள், சீக்கிரம் புரியும்.

கே: அவன் மன்னிப்பே கேட்கலையே. நான் மட்டும் ஏன் மன்னிக்கணும்?

நியாயமான கேள்வி. லூக்கா 17-ல் உன் சகோதரன் குற்றம் செய்தால் அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி என்று இருக்கிறது. அதே லூக்கா 23-ல், சிலுவையில், யாரும் மனஸ்தாபப்படவில்லை, கீழே ஒரு பக்கம் சீட்டுப்போட்டு வஸ்திரத்தைப் பங்கிடுகிறார்கள், இவர் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்கிறார். பெரிய வெள்ளிக்கிழமை ஏழு வார்த்தைகளில் முதல் வார்த்தையாக வருஷா வருஷம் கேட்கிறோம்.

இரண்டும் எப்படிச் சேரும்? நான் பிரித்துப் பார்ப்பது இப்படி. பழியை விடுவதற்கு ஒரு ஆள் போதும், அது நீங்கள். பழையபடி ஒன்று சேர்வதற்கு இரண்டு பேர் வேண்டும், அதில் அவன் செய்ததை அவன் ஒத்துக்கொள்ள வேண்டும். முதலாவதை இன்றைக்கே செய்யலாம். இரண்டாவது நடக்காமலே போகலாம், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

அண்ணன் ஏசாவை ஏமாற்றிவிட்டு ஓடின யாக்கோபு திரும்பி வருகிற கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஏசா ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுகிறான், இரண்டு பேரும் அழுகிறார்கள், சண்டே ஸ்கூலில் அதோடு பாடம் முடிந்துவிடும். அடுத்த சில வசனங்களில், வா சேர்ந்து போகலாம் என்று அண்ணன் கூப்பிடுகிறான், தம்பி பிள்ளைகள் இளசு, ஆடுமாடு நடக்காது, நீங்கள் முன்னே போங்கள் என்று நழுவுகிறான். ஏசா சேயீருக்குப் போகிறான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போகிறான். மன்னித்தார்கள், ஆனால் ஒரே காம்பவுண்டுக்குள் வீடு கட்டவில்லை. அப்பாவை அடக்கம் பண்ண இரண்டு பேரும் வந்து நின்றார்கள். நம்மூரில் பல குடும்பத்துக்கு அந்த அளவே பெரிய வெற்றி.

கே: தங்கச்சி சொத்தில பங்கு கேட்டு நோட்டீஸ் விட்டுட்டா. அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்ல. அவளை மன்னிக்க மனசு வர மாட்டேங்குது.

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, கேட்பது எப்போதும் அண்ணன்மார்தான். கொலைகாரனை மன்னித்தவர்கள் கதையைக் கண்ணீரோடு கேட்டுவிட்டு, வெளியே வந்து இதைக் கேட்பார்கள்.

முதலில் சட்டம். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே 1916-ல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில், உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அதுவும் ஸ்திரீதனமாகக் கொடுத்துவிட்டால் அதோடு சரி. சில பிரிவினருக்கு இதில் விலக்கு இருந்தது. மேரி ராய் என்ற கோட்டயத்து அம்மா இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986-ல் தீர்ப்பு வந்தது: 1951-லேயே அந்தச் சட்டம் செத்துவிட்டது, 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி உயில் இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமம், ஆண் பெண் வித்தியாசம் இல்லை.

இப்போது சொல்லுங்கள், உங்கள் தங்கை என்ன குற்றம் செய்தாள்? அப்பா உயில் எழுதவில்லை என்றால் அவளுடையதை அவள் கேட்டாள். "கல்யாணத்துக்கு நகை போட்டோமே" என்பீர்கள். போட்டீர்கள், உங்களுக்கும் அப்பா படிக்க வைத்தார், வளைகுடாவுக்கு விசா எடுத்துக் கொடுத்தார், அதையெல்லாம் யாரும் கணக்கில் கழிக்கவில்லை. மன்னிக்க வேண்டிய இடத்தில் இருப்பது அவள். நீங்கள் போக வேண்டியது மன்னிக்க இல்லை, மன்னிப்புக் கேட்க. வரி வசூலிக்கிற சகேயு இயேசுவைப் பார்த்ததும் ஜெபம் பண்ணிக்கொண்டு உட்காரவில்லை, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்றான். உங்களிடம் யாரும் நாலு மடங்கு கேட்கவில்லை. ஒரு பங்குதான்.

(தங்கைமாருக்கும் ஒன்று. வழக்கில் ஜெயித்த பிறகு, அம்மா இருக்கிற வீட்டு முற்றத்தில் சர்வேயரோடு வந்து நின்று கல் போடச் சொல்லி வேடிக்கை பார்க்க வேண்டாம். அந்தக் கல்லை மரச்சீனி நட்டிருக்கிற விளையில் போட்டாலும் உங்கள் உரிமை அதேதான்.)

கே: நான் ஒண்ணும் செய்யல. "ஆண்டவர் பாத்துக்கிடுவார்"னு விட்டுட்டேன். அது மன்னிப்புதானே?

எந்தத் தொனியில் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய சாபம் இல்லை. சொல்லிவிட்டு, அவன் மகனுக்கு பைக் ஆக்சிடென்ட் ஆனதா, ரப்பர் ஷீட்டுக்கு விலை விழுந்ததா என்று காது கொடுத்துக் காத்திருப்பார்கள். ஏதாவது நடந்தால் "பாத்தியா" என்பார்கள். அது தேவனைக் கூலிக்கு அடியாளாக வைப்பது.

அதற்காக உள்ளே எரிகிறதை மறைக்கவும் சொல்லவில்லை. 109-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள், எதிரியின் பிள்ளைகள் பிச்சை எடுக்கட்டும் என்று வரை போகிறது. வேதாகமத்திலேயே இதை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று பலருக்குச் சங்கடம். எனக்குச் சங்கடம் இல்லை. அந்த மனிதன் அதை எதிரி வீட்டு வாசலில் நின்று கத்தவில்லை, தேவனிடம் கொட்டினான். கொட்டுகிற இடம் அதுதான். கொட்டிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வரக் கூடாது.

கே: "கண்ணுக்குக் கண்" பைபிள்லயே இருக்கே?

இருக்கிறது. ஆனால் அது "போய் எடு" என்பதற்காக இல்லை, ஒரு கண்ணுக்கு மேல் எடுக்காதே என்பதற்காக. அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்று ஆதியாகமம் 4-ல் லாமேக்கு பெண்டாட்டிமாரிடம் பெருமையடிப்பதில் தெரியும்: என்னைக் காயப்படுத்தினவனைக் கொன்றேன், காயீனுக்கு ஏழு மடங்கு பழி என்றால் எனக்கு எழுபத்தேழு. பேதுரு வந்து ஏழு தரம் மன்னித்தால் போதுமா என்று கேட்டபோது இயேசு அந்த ஏழையும் எழுபதையும்தான் எடுத்துத் திருப்பிப் போட்டார். லாமேக்கு பழிக்குப் போட்ட கணக்கை மன்னிப்புக்குப் போட்டார். வலையை அறுத்ததற்கு வள்ளத்தை எரித்தான், வள்ளத்துக்கு வீடு, வீட்டுக்கு ஆள் என்று போன எந்தச் சண்டையையும் எடுத்துப் பாருங்கள், கடற்கரையில் என்றில்லை, மலையோரத்து வேலித் தகராறிலும் இதே லாமேக்கு கணக்குதான்.

கே: நம்ம ஜனங்களுக்கு இவ்வளவு செய்திருக்காங்களே, அதையுமா மன்னிக்கணும்?

"அவங்க" யார்? இதுதான் என் முதல் கேள்வி.

கிறிஸ்தவரான திருவிதாங்கூர் அரசு ஊழியர் தேவசகாயத்தை எடுத்துக்கொள்வோம். 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர், 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள், 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுத்த டிலனாய், 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அந்த எதிரியைக் கொல்லாமல் தன் படைக்கே தளபதியாக்கினார், இன்றைக்கும் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. (அது இரக்கமா, நல்ல கணக்கா என்றால் கணக்கு என்றுதான் நினைக்கிறேன்.) எதிரியை வாழவைத்த அதே அரசு தன் சொந்த ஊழியரைக் கொன்றது. சரித்திரம் இப்படித்தான் ஒரு பக்கமாக நிற்காது. இதற்காக இன்றைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற ஒருவரை முறைப்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

மன்னிப்பு என்றால் உரிமை கேட்காமல் இருப்பது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தோள்சீலைக்காக, அதாவது மேலாடை போட்டு மார்பை மறைக்கிற உரிமைக்காக, நம் பாட்டிகள் 1820-களிலிருந்தே அடிபட்டார்கள், ஜெபவீடுகள் எரிந்தன, மனு மேல் மனு போனது, 1859 ஜூலையில் அரச விளம்பரம் வந்தது. யாரும் "பொறுத்துக்கொள்வோம்" என்று சும்மா இருந்து அது வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் சில சபைகளில் இன்னொரு சாதிக்காரரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கும்போது, நாம் நினைவில் வைத்திருப்பது வலியை மட்டும்தான் என்று தோன்றுகிறது.

1982-ஐயும் சொல்லாமல் விட முடியாது. மார்ச் 1, மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை சமயம், இந்து-கிறிஸ்தவக் கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. பிறகு பல ஊர்களுக்குப் பரவியது, நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. இரண்டு பக்கத்திலும் இழந்தவர்கள் இருக்கிறார்கள், இன்றைக்கும் அந்த வீடுகளில் அதைப் பேசினால் குரல் மாறும். அவர்களிடம் போய் "மறந்துடுங்க" என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அன்றைக்கு அமைதிக்காக வந்து வேலை செய்தவர்களில் குன்றக்குடி அடிகளாரும் ஒருவர், அவர் சைவ மடாதிபதி. இரக்கம் நம் சபைக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதற்குப் பின்னால் பிறந்த பையன்கள் தங்களுக்கு நடக்காத ஒன்றுக்காக வாட்ஸ்அப்பில் ரத்தம் கொதிப்பதைப் பார்த்தால் மட்டும் எனக்குப் பொறுமை இருப்பதில்லை.

கே: மன்னிச்சிட்டேன்னு ஜெபம் பண்ணினேன். ஆனா அவனைப் பார்த்தா இன்னும் கோபம் வருது. நான் பண்ணினது பொய்யா?

பொய் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 1995-ல் பஸ்ஸில் வைத்துக் கொல்லப்பட்ட சிஸ்டர் ராணி மரியாவின் தங்கையும் ஒரு கன்னியாஸ்திரீ. கொன்ற சமுந்தர் சிங்கை அவர் சிறையில் போய்ப் பார்த்து ராக்கி கட்டியது உடனே இல்லை, பல வருஷம் கழித்து. பின்னால் அவன் விடுதலைக்குக் குடும்பமே கேட்டுக்கொண்டது, 2017-ல் இந்தூரில் ராணி மரியாவை அருளாளராக அறிவித்தபோது அவனும் அங்கே இருந்தான். நாம் ராக்கி கட்டினதை மட்டும் கேட்கிறோம், இடையில் போன வருஷங்களைக் கேட்பதில்லை. கோபம் வருவது உங்கள் கையில் இல்லை. வந்த கோபத்துக்கு டீ போட்டுக் கொடுத்து உட்கார வைப்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

கே: பேச்சு இல்லாத வீட்டில துட்டின்னா (சாவு விழுந்தா) போகலாமா?

போங்கள். கேட்கவே வேண்டாம். திண்ணையில் ஓரமாக உட்கார்ந்துவிட்டு, அடக்கம் முடிந்து வந்துவிடுங்கள். அன்றைக்குப் பழசைப் பேசாதீர்கள்.

கே: நற்கருணை எடுக்கலாமா, வேண்டாமா?

மத்தேயு 5-ல் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் போ என்றுதான் இருக்கிறது. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை. அவனுக்கு உங்கள்மேல் என்ன குறை என்று யோசித்து, அதைச் சரிசெய்யப் புறப்பட்டிருந்தால், என் கருத்துப்படி எடுக்கலாம். உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: சரி, எங்கேயிருந்து ஆரம்பிக்க?

கல்யாண வீட்டிலும் சபைத் திருவிழாவிலும் வேண்டாம், பத்து பேர் பார்க்கிற இடத்தில் யாராக இருந்தாலும் விறைத்துத்தான் நிற்பார்கள். வாரநாளில், சாயங்காலம், தனியாகப் போங்கள். முதல் தடவையே போதகரைக் கூட்டிக்கொண்டு போனால் அவர் வந்திருப்பது சமாதானத்துக்கா சாட்சிக்கா என்று அவர்களுக்குச் சந்தேகம் வரும். "நான் உன்னை மன்னிச்சிட்டேன்" என்று வாசலில் நின்று ஆரம்பிக்க வேண்டாம், தன்மேல் தப்பே இல்லை என்று நினைக்கிறவனுக்கு அது இன்னொரு அடி. உங்கள் பக்கத்தில் இருக்கிற தப்பை முதலில் சொல்லுங்கள், பெரிதோ சிறிதோ. நிலத்தை அன்றைக்கு எடுக்காதீர்கள். அதற்குத் தாலுகா ஆபீஸும் சர்வேயரும் இருக்கிறார்கள், ஆறப்போட்டு எடுக்கலாம். கதவைத் திறக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள், கொஞ்ச நாள் விட்டு இன்னொரு தடவை போகலாம். எதைச் செய்தாலும் வாட்ஸ்அப்பில் அழுதுகொண்டு வாய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்பாதீர்கள், அன்று ராத்திரியே அது குடும்ப குரூப்பில் வந்து நிற்கும்.